நடுவில் கிதாமுரா

நடுவில் இந்த மனுஷன் உட்காராமல் இருந்திருந்தால் இவ்வளவு பாடில்லை. தணிகாசலத்தின் தொண்டை அவள் கண்ணுக்கு நேராக இருந்திருக்கும், மோவாய் நெஞ்சைப் பார்த்துக் குனிகிறதா, ஒரு வாய்க்கு இரண்டு தடவை விழுங்குகிறாரா, குரல்வளை மேலே போய்க் கீழே வருகிறதா என்று ஓரக்கண்ணாலேயே பார்த்துவிட்டிருப்பாள். இப்போது பிரமீளாவுக்குத் தெரிவதெல்லாம் ஜப்பான்கார அதிகாரி கிதாமுராவின் சாம்பல் நிறச் சட்டைத் தோள், அந்தத் தோளுக்கு அப்பால் கணவரின் வலது முழங்கை. முழங்கை மேலே போகிறது, கீழே வருகிறது, மேலே போனது உள்ளே எந்த வழியில் இறங்கியது என்று முழங்கை சொல்லாது. கோடம்பாக்கத்தில் ஒரு சந்துக்குள் இப்படி ஒரு ராமென் கடை, ஜப்பான் நூடுல்ஸ் சூப்புக் கடை, வாசலில் நீலத் துணி தொங்குகிறது, அதைக் குனிந்து விலக்கிக்கொண்டு உள்ளே வந்தால் மேசை நாற்காலி என்று மரியாதையாக ஒன்றும் கிடையாது, அடுப்பைப் பார்த்தபடி ஒரு நீளப் பலகை, பலகைக்கு முன்னால் முதுகில்லாத உயர முக்காலிகள், ஊர்ப்பட்ட ஜனம் வரிசையாகத் தலையைக் கிண்ணத்துக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சாப்பிடுவதற்கு எதற்குச் சேர்ந்து வர வேண்டும், அவரவர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டால் ஆகாதா. உள்ளே நுழைந்ததும் அவள் சொல்லத்தான் சொன்னாள், நான் இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று, கான்வென்ட் ஆங்கிலத்தில், பிசிறில்லாமல். கிதாமுரா பதறிப்போய், கூப்பிட்டவன் நான், இரண்டு பேரையும் கவனிக்க வேண்டியவன் நான் என்று குனிந்து குனிந்து நிமிர்ந்து, நடு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏசி காற்று மூஞ்சியில் அடிக்கிறது, இடம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தாள். அவர் கையைத் தூக்கி ஏசியையே அணைக்கச் சொல்லிவிட்டார். இப்போது அவள் புண்ணியத்தில் கடை முழுக்க வேர்க்கிறது. அவள் பின்னால் சாய்ந்து அவர் முதுகு வழியாக எட்டிப் பார்த்தால், தன்னிடம் ஏதோ சொல்ல வருகிறாள் என்று அவரும் சாய்கிறார். முன்னால் குனிந்தால் அவரும் குனிகிறார். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது, நல்லவர்கள்தான் எப்போதும் வழியை மறித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

முழங்கை மேலே போனது. கூடவே ஓர் உறிஞ்சல். யாருடையது அது? கடை முழுக்க அதே சத்தம், உர்ர்ர் என்று, சாக்கடையில் தண்ணீர் இறங்குகிற மாதிரி, இங்கே அப்படிச் சத்தம் போட்டுச் சாப்பிடுவதுதான் மரியாதையாம், போடாவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம், கிதாமுரா முன்பே சொல்லிவிட்டார். அவள் படித்த கான்வென்டின் மதர் சுப்பீரியர் இந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு தடவை நடந்து போயிருந்தால் மயக்கம் போட்டிருப்பார். ஆனால் அதற்காக இல்லை, மரியாதையும் மண்ணாங்கட்டியும் எக்கேடோ கெட்டுப்போகட்டும், தணிகாசலம் உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினால் காற்றும் தண்ணீரும் சேர்ந்து போகும், போகிற வேகத்தில் தப்பான குழாய் திறந்திருந்தால் முடிந்தது கதை. ஷெரின் என்று ஒரு பெண், பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கப் பழக்குகிறவள், தன் மகள் வயசுதான் இருக்கும், ஆனால் பேச்சு தலைமை டீச்சர் மாதிரி, வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். "ஆன்ட்டி, அங்கிள் இருமினா பயப்படாதீங்க, உடம்பு தானா வெளியே தள்ளுதுன்னு அர்த்தம். இருமாம இறங்குச்சுன்னாதான் வம்பு. நுரையீரலுக்குள்ள போனது அவருக்கே தெரியாது. அதனால நீங்க குரலைக் கேளுங்க. தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி குழகுழன்னு வந்தா அந்த நிமிஷமே நிறுத்திடுங்க." தண்ணீர் என்றால் பவுடர் கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான். சோறென்றால் குழைத்துத்தான், அதையும் மோவாயைத் தாழ்த்தி ஒரு வாய்க்கு இரண்டு தடவை விழுங்கித்தான். எல்லாவற்றுக்கும் மேலே, திடமும் நீரும் ஒன்றாக வாய்க்குள் போகவே கூடாது, அதுதான் மகா ஆபத்து, பால் ஊற்றின அவல் கூடாது, ரசத்தில் மிதக்கிற சோறு கூடாது. உலகத்தில் எத்தனையோ சாப்பாடு இருக்க, கிண்ணம் நிறையச் சூப்பும் சூப்பு நிறைய நூடுல்ஸ் நூலுமாக இந்த ஒன்றுதானா கிடைத்தது இவர்களுக்கு? போன தடவை வம்பு வந்தது ரசத்தால். மத்தியானம் அவள் கொஞ்சம் கண் அசந்த நேரத்தில், சமையலறையில் நின்றபடியே ஒரு டம்ளர் ரசத்தைக் கவிழ்த்துக்கொண்டார், திருட்டுப் பூனை. ஓர் இருமல் கிடையாது, ஒரு செருமல் கிடையாது. சாயங்காலம் "ரசம் நல்லா இருந்துச்சு பிரமி" என்றாரே, அந்த ஒரு வாக்கியம், அதில் அடியில் ஏதோ கொதித்தது, பாத்திரத்தில் அடிப்பிடிக்கும் முன் வருகிற சத்தம் போல, அவள் கேட்டாள், கேட்டும் பாராட்டு கிடைத்த பெருமையில் விட்டுவிட்டாள். பிறகு காய்ச்சல், ஆஸ்பத்திரி, மூக்கையும் வாயையும் மூடிய அந்தப் பிளாஸ்டிக் மூடி, மூடிக்குள்ளே அவர் கண்கள் மட்டும் அவளையே துரத்தின. டாக்டர் தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னார், இன்னொரு தடவை நுரையீரலுக்குள் போனால் திருப்பிக் கொண்டுவருவேன் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்படியும் வந்திருக்கிறோம், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். ஏன் வந்தோம்? கிதாமுரா கூப்பிட்டார், வந்தோம். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் தணிகாசலம் ஒரு பிரிவுக்கே தலைவராக இருந்தார், கிதாமுரா அவருக்கு மேலே, சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்தால் எல்லாரையும் இந்தக் கடைக்குத்தான் ஓட்டிக்கொண்டு வருவாராம். அப்புறம்தான் பக்கவாதம். கால் வந்துவிட்டது, கை வந்துவிட்டது, கோணியிருந்த வாய்கூட நேராகிவிட்டது, வெளியிலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார், தொண்டை மட்டும் வரவில்லை, அது வெளியே தெரியாது. கிதாமுரா போனில் உடம்பைப் பற்றிக் கேட்டபோது தணிகாசலம் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, "முழுக்கச் சரியாகிவிட்டது சார், முன்னைவிட நன்றாக இருக்கிறேன்" என்றார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த அவள் அதைக் கேட்டாள், கேட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். ஆனால் யாருக்குத்தான் வேண்டியிருக்கிறது இந்த மனுஷன் நாள் முழுக்க வீட்டில் இருப்பது? வேலையை விட்டு வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அவள் சமையலறையைத் தொழிற்சாலையாக்கிவிட்டார். மஞ்சள் டேப் வாங்கி வந்து மேடையில் சதுரம் சதுரமாக ஒட்டினார், இது மிக்சியின் இடம், இது எண்ணெய்த் தூக்கின் இடம், எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும், தேடுகிற நேரம் வீணான நேரம். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அளவு கிரைண்டர் நின்றால் கூப்பிட்டுக் காட்டுவார். "இது ஏன் தப்புன்னு நீயே சொல்லு, பார்ப்போம்." சொல்லுவாளா அவள்? கரண்டியைத் தூக்கிச் சதுரத்துக்கு வெளியே வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போய்ச் சீரியல் போட்டுக்கொள்வாள். மகள் நிரஞ்சனா புனேயிலிருந்து போனில் சிரிப்பாள், "அம்மா, அப்பாவை எங்கேயாவது வேலைக்கு அனுப்பு, இல்ல நீ போ." அனுப்பத்தான் பார்த்தாள். இந்தச் சாப்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளுங்கள் என்று தள்ளியது யார், நீலச் சட்டை போடுங்கள் வெள்ளைச் சட்டையில் நோயாளி மாதிரி தெரிகிறீர்கள் என்றது யார். இட்லி கிடைக்கிற இடமாகச் சொல்லக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டாள், அவர் "ஜப்பான்காரன் கூப்பிட்ட இடத்துக்குப் போகணும்டி, நாம இடம் சொல்லக் கூடாது" என்றார், அதோடு விட்டுவிட்டாள். அவருக்கு வேலை வேண்டும், அவளுக்குச் சமையலறை வேண்டும், இரண்டு பேரும் பேசாமலே ஒரே பொய்யைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் ஏறினார்கள்.

டாக்சியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள், அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. நூலை மட்டும் எடுத்துச் சூப்பை வடியவிட்டுச் சாப்பிட வேண்டும், சூப்பைத் தொடக் கூடாது, அது ஒன்று. "நடுநடுவுல நான் ஏதாவது கேப்பேன், முழு வாக்கியமா பதில் சொல்லணும், ம் கொட்டக் கூடாது," அது இரண்டு. ம் என்பது மூக்கில் முடிந்துவிடும், அதில் ஈரம் தெரியாது. "என்ன கேப்ப?" "எதையாவது கேப்பேன், மழை வருமான்னு கேப்பேன்." "சித்திரை மாசத்துலயா?" "ஏங்க, கேள்வியா முக்கியம்? பள்ளிக்கூடத்துல சிஸ்டர் சொல்லுவாங்க, ஆமா இல்லைன்னு பதில் சொல்றது மாடு தலையாட்டுற மாதிரின்னு. முழுசா பேசுங்க." அவர் சிரித்தார், நிஜமாகவே சிரித்தார், "சரிங்க சிஸ்டர்" என்றார். கிண்ணங்கள் வந்ததும் ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. கோழிச் சூப்பு, மேலே பாதி முட்டை, கறித்துண்டு, கறுப்பாக ஓர் இலை. முழங்கை மேலே போய் வந்தது, அவள் கிதாமுராவைத் தாண்டிக் குரல் கொடுத்தாள், "ஏங்க, நம்ம வீட்டு மோட்டாரை நிறுத்திட்டு வந்தோமா?" "நிறுத்திட்டுத்தான் பிரமி வந்தேன், சுவிட்சை நானே பார்த்தேன்." வறண்ட குரல், நல்ல குரல், சுட்ட அப்பளம் மாதிரி. கொஞ்சம் பொறுத்து, "ஏங்க, நிரஞ்சனா எப்ப வரேன்னா?" "அடுத்த மாசம் கடைசியில லீவு கிடைக்கும்னு சொல்லியிருக்கா." அதுவும் நல்ல குரல். கிதாமுரா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார், இந்தியத் தம்பதிகள் சாப்பிடும்போதும் இவ்வளவு பேசிக்கொள்வார்களா, எங்கள் ஊரில் ராமென் முன்னால் யாரும் பேச மாட்டோம், நூல் ஊறிவிடும் என்றார். ஊறட்டும், ஊறினால் நல்லது, ஊறிக் கூழானால் இன்னும் நல்லது.

அப்புறம்தான் அவர் அந்த வேலையைப் பற்றிச் சொன்னார். புதிய தொழிற்சாலை வருகிறது, அங்கே சேருகிற பிள்ளைகளுக்கு வேலை பழக்க ஆள் வேண்டும், நாள் முழுக்க நின்று பேச வேண்டும், ஆனால் உடம்புக்குச் சிரமமில்லை, தணிகா-சானைத் தவிர, சான் என்பது அவர்கள் ஊர் மரியாதை, எனக்கு வேறு யாரும் தோன்றவில்லை, நீங்கள் சரி என்றால் இன்று மாலையே ஜப்பானுக்கு உங்கள் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் அவள் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? சந்தோஷம் வந்தாலும் அவளுக்கு நாக்கில்தான் முதலில் வரும். "இவரா சொல்லிக்கொடுப்பார்? என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், அவள் பயந்துபோய் ஆங்கில இலக்கியம் படிக்கப் போய்விட்டாள்," என்றாள், அழகான ஆங்கிலத்தில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. கிதாமுரா பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடுப்புக்கு அந்தப் பக்கம் நூல் வடித்துக்கொண்டிருந்தவன்கூடச் சிரித்தான். தணிகாசலம் சிரிக்கவில்லை. தோளைத் தாண்டிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது சிரிக்கவில்லை என்று, முழங்கை பாதியில் நின்றது, பிறகு போனது. அவ்வளவுதான். அதிலிருந்து பேச்சில்லை. "ஏங்க, முட்டை வெந்திருக்கா?" பதில் இல்லை. "ஏங்க, உங்களைத்தான்." முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கை எழுந்து, இருக்கட்டும் என்பது போல ஆடி அடங்கியது. கிதாமுரா அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார், பாருங்கள், தணிகா-சான் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டார், சாப்பிடும்போது பேச மாட்டேன் என்கிறார்.

இது கோபமா, அதுவா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இதற்குப் பதில் தெரியவில்லை என்றால் என்ன குடித்தனம். கோபம் வந்தால் அவர் கத்துகிற ஜாதியில்லை, பேசாமல் கொல்லுகிற ஜாதி. அவள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எல்லார் முன்னாலும் அவர் சட்டை பட்டன் தப்பாகப் போட்டிருப்பதைச் சொன்னதற்கு, சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டும் என்றால்கூட மகளிடம் சொல்லி அவள் வழியாக வாங்கிக்கொண்டவர், அது பாட்டுக்கு வாரக்கணக்கில் ஓடியது. அப்போதெல்லாம் அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள், போய்யா உன் பேச்சு யாருக்கு வேண்டும் என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பாள், மௌனம் என்றால் மௌனம், அதில் செத்துப்போவதற்கு ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. பேசாமல் இருப்பது பேசப் பிடிக்காமலா, பேசினால் குழகுழவென்று வந்து குட்டு உடைந்துவிடும் என்று அவரே உணர்ந்து அடக்கிக்கொண்டா, இல்லை, உள்ளே இறங்கிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியாமல் வழக்கமான கோபத்தில் வழக்கம் போல உட்கார்ந்திருக்கிறாரா? மூன்றுக்கும் முழங்கை ஒரே மாதிரிதான் மேலே போகும். அட, ஒரு வார்த்தை, போடி என்று ஒரு வார்த்தை, திட்டினால்கூடப் போதும், திட்டுங்களேன், எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் திட்டுங்கள். அவள் கிண்ணத்தில் சூப்பின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாகக் கூடிக்கொண்டிருந்தது. நாலு நூல்கூட அவள் சாப்பிடவில்லை. கிதாமுரா தன் கரண்டியால் முட்டையைச் சுட்டிக்காட்டி, சாப்பிடுங்கள் மேடம், இதுதான் விசேஷம் என்றார். மேடம் வாயில் முட்டையைப் போட்டுக்கொண்டாள். மஞ்சள் கரு குழகுழவென்று நாக்கில் உடைந்தது, அந்த வார்த்தையே இப்போது வேண்டாம், துப்பவும் முடியாமல் விழுங்கினாள், அவளுக்கு எப்படி இறங்கியது என்று அவள் கவனிக்கவே இல்லை, அதுதானே, யார் கவனிக்கிறார்கள், பிறந்ததிலிருந்து விழுங்குகிறோம்.

கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். புடவைக் கொசுவம் முக்காலிக் காலில் மாட்டி, அதை இழுத்து விடுவித்து, பின்னால் இடத்துக்காக நின்றுகொண்டிருந்த கூட்டத்தை இடித்து, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே தணிகாசலத்தின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். காது சிவந்திருந்தது. கோபத்திலும் சிவக்கும், சூட்டிலும் சிவக்கும், மூச்சுக்குத் திணறினாலும் சிவக்கும், ஆண்டவன் ஒரே ஒரு சிவப்பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பேற்றியிருக்கிறான். தோளில் கை வைத்துக் குனிந்து, "ஏங்க, ஒரு வார்த்தை பேசுங்க, மன்னிச்சுக்குங்க, தப்புதான்," என்றாள், காதோடு காதாக. தோள் அவள் கையை உதறியது. அப்போதுதான் கிண்ணத்தைப் பார்த்தாள். நூல் இருந்தது, கறித்துண்டு இருந்தது, முட்டை இருந்தது. சூப்பு பாதி இல்லை. விளிம்பிலிருந்து நான்கு விரல் இறங்கியிருந்தது. தொடக் கூடாது என்ற சூப்பு, வடியவிட்டுச் சாப்பிட வேண்டிய சூப்பு, பவுடர் போடாத வெறும் தண்ணிச் சூப்பு, அவள் மோட்டாரையும் முட்டையையும் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் கரண்டி கரண்டியாக உள்ளே போயிருக்கிறது, நீ யாருடி எனக்குச் சொல்ல என்று போயிருக்கிறது. பவுடர்ப் பொட்டலம் அவள் கைப்பையில் பிரிக்காமல் கிடக்கிறது. அந்த டம்ளர் ரசம் இதில் பாதிகூட இருந்திருக்காது. ஓர் இருமல் கேட்டதா? கேட்கவில்லை. கேட்காததுதான். மூடிக்குள்ளிருந்து துரத்திய அந்தக் கண்கள். தாழ்வாரத்தில் டாக்டர் செருப்பு மாற்றிப் போட்டிருந்தார், இரண்டும் வேறு வேறு நிறம், அதையே பார்த்துக்கொண்டுதான் அவர் சொன்னதைக் கேட்டாள். நிரஞ்சனாவுக்கு என்ன சொல்வது, உன் அப்பாவை வேலைக்கு அனுப்பப் பார்த்தேன் என்றா? கிதாமுரா திரும்பி, தணிகா-சான், இவ்வளவு அமைதியாக நீங்கள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லையே, ருசி மாறிவிட்டதா என்று கேட்டார். தணிகாசலம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். விரல்! கரண்டி மறுபடி சூப்புக்குள் இறங்கியது. அடப்பாவி மனுஷா, அவருக்குமா பதில் சொல்ல மாட்டாய், அவரிடம் உனக்கு என்ன கோபம்? கோபம் என்றால் என்னோடுதானே? அப்படியானால் இது கோபம் இல்லை. கோபம் இல்லையென்றால்.

"மிஸ்டர் கிதாமுரா," என்றாள். அவள் குரல் பிரேயர் ஹாலில் வாசிக்கிற குரலாக, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறதாக வந்தது. "இவர் உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார். இவருக்குச் சரியாகவில்லை. விழுங்க வராது. தண்ணீரைக்கூட இவரால் தண்ணீராகக் குடிக்க முடியாது. இந்தச் சூப்பு இவர் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கலாம், ஏற்கனவே ஒரு தடவை போய்ச் சாகக் கிடந்தார். எனக்கும் தெரியும், நானும் சேர்ந்துதான் மறைத்தேன்." பலகை நெடுக உறிஞ்சல் நின்றது. அடுப்பில் தண்ணீர் கொதிப்பது மட்டும் கேட்டது. கிதாமுரா குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்தார், இரண்டும் இணையாக இருக்கிறதா என்று பார்த்து ஒன்றை நகர்த்தினார், முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மிக மெதுவாகக் கேட்டார், "நிஜமா, தணிகா-சான்?" இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் மனைவிக்குப் பயம் அதிகம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மனுஷன் நம்பியிருப்பார், நம்பத்தான் அவருக்கும் ஆசை, கண்ணில் தெரிந்தது. தணிகாசலம் கரண்டியைக் கீழே வைத்தார். முக்காலியோடு சேர்ந்து திரும்பினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார், பட்டுப் புடவையை, பூவை, முட்டைக் கரு ஒட்டியிருந்திருக்கும் உதட்டை. அவர் கண்ணில் என்ன இருந்தது என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்கப் போகிறாள், அப்போது கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைத்தான் பார்த்தாள், உதடு பிரிகிறதா, பிரிந்தது.

"இனிமே நீ என்கூட எங்கேயும் வராதே."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இனிமே. நீ. எழுத்து எழுத்தாகக் கேட்டாள். ரா-வில் ஏதாவது உருண்டதா? தே-யின் அடியில் ஏதாவது கொதித்ததா? ஒன்றும் தெரியவில்லை, அவள் காதுக்குள்ளேயே ரத்தம் இடித்துக்கொண்டிருந்தது, கொதிக்கிற தண்ணீர் வேறு, நன்றாகத்தான் இருந்த மாதிரி இருந்தது, ஆனால் அன்றைக்கு ரசத்தின்போதும் நன்றாக இருக்கிற மாதிரிதான் இருக்கிறது என்று விட்டுவிட்டாள், மாதிரி போதாது. மாலையில் ஜப்பானுக்கு எந்தப் பெயர் போகும், எது போகாது என்று இனி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அது முடிந்தது, அதை அவள்தான் முடித்தாள், அதற்கு அழ வேண்டிய அழுகை பிறகு இருக்கிறது.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

"என்ன?"

"இப்ப சொன்னீங்களே, அதையே. முழுசா சொல்லுங்க."

அவர் நம்பாமல் பார்த்தார். பக்கத்து முக்காலியில் இருந்த பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள். கிதாமுரா பலகையின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாஷை தெரியாவிட்டாலும் தெரிகிற விஷயங்கள் இருக்கின்றன. தணிகாசலத்தின் கழுத்து நரம்பு புடைத்தது, அவள் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி, முன்னைவிடச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லையும் ஆணியாக அடித்துச் சொன்னார்: "இனிமே நீ என்கூட எங்கேயும் வராதேன்னு சொன்னேன்." கடை முழுக்கக் கேட்டது. வறண்ட குரல். ஈரமில்லை, குமிழில்லை, வெயிலில் காய்ந்த வெறும் கோபம். பிரமீளா தலையை ஆட்டினாள், சரி, சரி என்று ஆட்டினாள், கை எட்டி அவர் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்து, சூப்பு தளும்பித் தன் பட்டுப் புடவையில் சிந்துவதைப் பார்த்தபடியே, அவருக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்தாள்.